பரீட்சைக்கு இடையே ஒரு மாலைப்பொழுது

சீமையில் படிக்கும் பிள்ளையிடமிருந்து பரீட்சைக் காலத்தில் ஒரு புகைப்படம் வருகிறது. நாடகசாலை வாசலிலே நண்பர்களோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு பரீட்சை முடிந்தது. அடுத்ததற்கு நான்கு நாள் இருக்கிறது. கடையில் அமர்ந்து இதனைப் பார்க்கும் தகப்பனாருக்கு, அனுப்பும் பணம் எங்கே போகிறது என்ற எண்ணமே முதலில் எழும். பணத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசிப்பவருண்டு. அவசரப்பட வேண்டாமென்பதே நம் அபிப்பிராயம்.

லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்கு இரவு விருந்தும் படிப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1888-ம் ஆண்டில் இன்னர் டெம்பிள் சட்டக் கழகத்தில் சேர்ந்த காந்தியடிகள், பருவத்திற்குச் சுமார் 24 விருந்துகளில் 6க்காவது போகவேண்டியிருந்ததாக எழுதியிருக்கிறார். நால்வர் மேசைக்கு இரண்டு புட்டி மது வரும். அவர் தொடமாட்டார், ஆகவே அவரைத் தங்களோடு அமர்த்திக்கொள்ள மற்றவர்களுக்குள் போட்டி! (மது வைத்த மேசையில் நம் பிள்ளைகள் அமர்வதைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.) பிற்காலத்தில் இவ்விருந்துகளின் எண்ணிக்கை குறைந்து, சொற்பொழிவுகளும் பயிற்சிகளும் அக்கணக்கில் சேர்ந்துவிட்டன.

அதே காந்தியடிகள் தொடக்கத்தில் 10 பவுனுக்கு மாலை உடுப்பு தைத்துக்கொண்டார். நடனம் பழக 3 பவுன் கட்டினார். வயலினுக்கு இன்னொரு 3 பவுன். மூன்று வாரத்தில் ஆறு வகுப்புக்குப் போனதோடு நடனம் முடிந்தது. அந்த மோகமெல்லாம் சுமார் மூன்று மாதந்தான். ஆனால் ஒரு பழக்கம் அவரை விடவில்லை: பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை வாங்கிய சில்லறை எதையும் விடாமல் எழுதி, ஒவ்வோர் இரவும் கணக்கை நேர்செய்த பிறகே படுப்பார். 1890-ல் லண்டன் மெட்ரிகுலேஷன் தேறினார், 1891-ல் பாரிஸ்டரானார். நம் கடைகளில் நாள்வழி எழுதுவது போன்றதே இது. நாடகச் சீட்டு நாள்வழியில் ஏறியிருக்கிறதென்றால் தகப்பனார் கலங்க வேண்டியதில்லை.

லாபத்திலிருந்து செய்யும் செலவு வேறு, முதலைத் தின்னும் செலவு வேறு என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பரீட்சைக் காலத்தில் முதல் என்பது தூக்கம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸ், டாலன்பாக் என்போர் 1924-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டு மாணவர்கள் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தனர். விழித்திருந்த நேரத்திற்குப் பின் நினைவில் நின்றதைவிட, அதே அளவு நேரம் உறங்கியபின் நின்றது அதிகம். ஆகவே பத்து மணிக்கு அறை திரும்பினால் சீட்டுக் காசு மட்டுமே செலவு. இரண்டு மணிக்குத் திரும்பினால் பகலில் படித்ததிலும் ஒரு பங்கு போகிறது.

இன்னொரு பிள்ளை, கராச்சி வியாபாரியின் மகன் முகம்மதலி ஜின்னா. கப்பல் வியாபாரக் கம்பெனியொன்றில் தொழில் பழக லண்டன் போனவர், 1893-ல் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்து சட்டம் பயின்றார். பாராளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து விவாதம் கேட்பார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெரும் பற்று. 1896-ல் பாரிஸ்டரானபின் நாடகக் கம்பெனியொன்றில் நடிக்க ஒப்பந்தமே செய்துகொண்டார்! அதனைத் தாமே வீட்டிற்கு எழுதினார். தகப்பனார் மறுத்து நீண்ட கடிதம் எழுத, ஒப்பந்தத்தைக் கைவிட்டு ஊர் திரும்பினார். மகன் மறைத்திருந்தால் தகப்பனார் எதற்குப் பதில் எழுதியிருப்பார்? இன்று வந்த புகைப்படத்திற்கு ஏச்சு கிடைத்தால், நாளைக்குப் புகைப்படம் வராது. மாலைப்பொழுது மட்டும் நடந்துகொண்டேயிருக்கும்.

மற்றொன்று. கோடைப் பரீட்சைக் காலத்தில் லண்டன் நேரம் நம்முடையதற்கு 7 மணி பின்தங்கியது. காலை 7 மணிக்குக் கடை திறந்ததும் "படித்தாயா?" என்று நாம் தொலைபேசியில் கேட்டால் அங்கே நள்ளிரவு. உறங்கும் பிள்ளையை எழுப்புவது நாமே. பிற்பகல் 3 மணிக்குக் கூப்பிடுக. அங்கே காலை 8 மணி, பசியாறிக்கொண்டிருப்பான்.