கைநாட்டு வைக்கும் முன்...



மருத்துவத் துறையில் சட்டப் பொறுப்பு என்றதும் நமக்கு டாக்டர் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருவார். 'நாம டிப்ளமோ படிக்கிறவங்க, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. எங்கள் மலையில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்கள் ஊர் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் மேலே வர முடியும். வலி எடுத்த பெண்ணை அதே வளைவுகளில் இறக்கிக் கொண்டுபோன காலம் உண்டு. அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் டிரைவரும் நர்சும் எங்களுக்குத் தெய்வம். அவர்கள் சொல்வதை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

2019-இல் நடந்தது

2019 ஏப்ரலில் இராசிபுரத்தைச் சேர்ந்த முன்னாள் செவிலிய உதவியாளர் ஒருவர் குழந்தை விலை பேசும் தொலைபேசி உரையாடல் வெளியாயிற்று. பிறப்புச் சான்றிதழுக்குத் தனியாக 70,000 ரூபாய் என்று அதில் பேசப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அவர் கைதானார். கொல்லிமலை ஏழைத் தாய்மார்களிடமிருந்து குழந்தைகள் வாங்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரும் கைதானார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. சுகாதாரத் துறையினர் பிறப்புப் பதிவுகளைச் சரிபார்த்தார்கள்.

யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. பாடம் படிப்பது நம் வேலை. ஒரு குழந்தை கைமாற டாக்டர் மட்டும் போதாது. வண்டி ஓட்டும் கை வேண்டும், பொய்ப் பதிவு எழுதும் கை வேண்டும். அதில் ஒரு கை 'முடியாது' என்று சொன்னாலே காரியம் நின்றுவிடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 81-இன்படி குழந்தையை விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் மருத்துவமனை, பிரசவ விடுதி ஊழியர் செய்தால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. 'ஊழியர்' என்பதைக் கவனியுங்கள். டாக்டர் என்று மட்டும் அங்கே எழுதவில்லை.

அம்மா சொன்னது

என் தங்கச்சி கீழே ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அம்மாவிடம் மூன்று இடத்தில் கைநாட்டு வாங்கினார்கள். "அதுல என்னம்மா எழுதியிருந்துச்சு?" என்று போன வருஷம் கேட்டேன். "யாருக்குத் தெரியும் கண்ணு? வெக்கச் சொன்னாங்க, வெச்சேன்" என்றார். நல்லவேளை, தங்கச்சி எங்களோடு இருக்கிறாள். ஆனால் அந்தத் தாளில் வேறு ஏதாவது எழுதியிருந்தால்? அன்றைக்கு எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. இன்றைக்கு நான் ஒருத்தன் இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் போய்ச் சொல்ல வேண்டியவை

1. எந்தத் தாளானாலும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கைநாட்டு. உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, ஒரு பரிசோதனைக்குத் தந்த சம்மதத்தை வைத்து வேறு அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

2. பிறப்பு - இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணம் கிடையாது. மருத்துவமனைப் பிரசவம் என்றால் தெரிவிப்பது அங்குள்ள பொறுப்பு அதிகாரியின் கடமை. வீட்டுப் பிரசவம் என்றால் குடும்பத் தலைவரின் கடமை.

3. குழந்தையை வளர்க்கவே வழியில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. புரோக்கரிடம் கொடுத்தால் அந்த அவகாசம் கிடையாது. பெற்றவளே சட்டத்தின் முன் 'விற்றவள்' ஆகிவிடுவாள்.

4. சந்தேகம் வந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

நம் பங்கு

நம்மில் ஒருவர் நாளைக்கு மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் பதிவு போடலாம், இன்னொருவர் ஸ்கேன் மெஷின் பழுது பார்க்கலாம், வேறொருவர் ஆம்புலன்ஸ் பராமரிக்கலாம். "சார் சொன்னார், நான் டைப் அடிச்சேன்" என்ற பதில் கோர்ட்டில் நிற்காது, மனசாட்சியிலும் நிற்காது. தப்பான அளவில் லேத் ஓட்டினால் ஒரு இரும்புத் துண்டு வீணாகும். தப்பான பெயரை 'தாய்' என்று பதிந்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே மாறிப்போகும்.

தோழர்களே! நம் வீட்டில் முதலில் படித்தவர்கள் நாம்தான். அம்மாவின் கைநாட்டுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வதுதான் நம் படிப்பின் முதல் கடமை. அந்தக் கடமையை இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்!

- இரண்டாமாண்டு மாணவன், கணினிப் பிரிவு