கலியாணப் படம் பிடிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கலியாணம் நிச்சயமாகிவிட்டால், சாப்பாட்டைப் பற்றியும் சேலையைப் பற்றியும் பலமுறை கூடிப் பேசுகிறோம். படம் பிடிப்பவரைப் பற்றிப் பேசுவது ஒரே முறைதான். "என்ன பெக்கேஜ்? எவ்வளவு?" என்ற இரண்டு கேள்விகளோடு அதுவும் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் படங்களை யார் பார்க்கப் போகிறார்கள்?

மலையகத்தில் இது சின்னக் கேள்வி அல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 300,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் உடைந்தன. அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கத்தான் போனார்கள். சில வீடுகளில் தாத்தா பாட்டியின் படம் என்று மிஞ்சியிருப்பது கடவுச்சீட்டுக்காக எடுத்த படம் மட்டுமே. இன்றைக்கும் மணப்பெண்ணின் சித்தி மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருக்கலாம். தம்பி கொழும்புக் கடையில் லீவு கிடைக்காமல் நிற்கலாம். எனவே நம் கலியாணப் படம் வந்தவர்களுக்கு ஞாபகப் பொருள். வர முடியாதவர்களுக்கோ அதுதான் கலியாணம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு முதலில் ஒரு கொப்பித் தாளை எடுத்து ஆட்களின் பெயர்களை எழுதுவோம். முதல் பெயர் வீட்டிலேயே மூத்தவருடையதாக இருக்கட்டும். அடுத்து தாய்மாமன்மார், பெண்ணை வளர்த்த அம்மாயி, மாப்பிள்ளையின் அக்கா, பிள்ளைக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். படம் பிடிப்பவருக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது. அழகாக உடுத்தியவர்களையும் முன்னுக்கு வந்து நிற்பவர்களையும்தான் அவர் எடுப்பார். அடுப்படியில் நிற்கும் அம்மாயி மாலை வரை அடுப்படியிலேயே நின்றுவிடுவார். பிலிம் சுருளில் 36 படம் மட்டும் இருந்த காலத்தில் ஆட்கள் விடுபட்டதற்கு ஒரு காரணம் சொல்லலாம். ஆயிரக்கணக்கில் எடுக்கும் இந்நாளிலும் அதே அம்மாயி விடுபடுகிறார் என்றால் குறை கமராவில் இல்லை.

பட்டியல் எழுதியபின், அந்த ஆட்களைத் தெரிந்த ஒருவரிடம் அதைக் கொடுக்க வேண்டும். மணப்பெண்ணின் சித்தப்பா மகனோ மாப்பிள்ளையின் தங்கையோ போதும். அன்றைக்கு அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. படம் பிடிப்பவரின் பக்கத்தில் நின்று, "இவர்தான் பெரியப்பா, இவரை எடுங்கள்" என்று காட்டுவதே அவர் பொறுப்பு.

அடுத்தது நேரம். முகூர்த்தம் காலை 9 மணி முதல் 10.30 வரை என்று வைத்துக்கொள்வோம். பெண் அலங்காரம் லயத்தில் நடந்தால் படம் பிடிப்பவர் 7 மணிக்காவது வந்து சேர வேண்டும். அவர் புசல்லாவையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ ஏ5 வீதியின் வளைவுகளில் வர வேண்டியவர். மழை நாளில் மண் சரிந்து பாதை மூடுவதும் உண்டு. ஆகவே அரை மணி நேரம் கூடுதலாக வைத்துத்தான் வரச்சொல்ல வேண்டும். தாலி கட்டுவது சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. மறுபடி கட்டச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கைபேசியை உயர்த்திக்கொண்டு பத்துப் பேர் குறுக்கே வருவார்கள். மணவறைக்கு முன் ஒரு பாதையை விட்டுவைக்கும்படி பெரியவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது. கோயிலிலோ தேவாலயத்திலோ சடங்கு நடக்குமானால், படம் பிடிப்பவர் எதுவரை வரலாம், எங்கே நிற்கலாம் என்பதைக் குருக்களிடம் அல்லது பங்குத்தந்தையிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். சடங்கின் நடுவே எழும் வாக்குவாதம் வீடியோவிலும் பதிந்துவிடும்!

லயத்து அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதற்குள் கட்டில், அலுமாரி, அலங்காரம் செய்பவர், ஆறேழு பெண்கள் எல்லாம் இருந்தால் கமராவுக்கு இடமேது? அறையில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டு, பெண்ணைக் கதவுப் பக்கம் முகம் திருப்பி உட்கார வைத்தால் வாசல் வெளிச்சமே போதுமானது. வெளியே குளிரில் இருந்த கமராவை அடுப்புச் சூடுள்ள அறைக்குள் கொண்டுவந்த உடனே லென்ஸில் ஈரம் பூத்துவிடும். சற்று நேரம் பொறுக்க வேண்டும். இதற்கும் சேர்த்துத்தான் 7 மணி என்றோம்.

குடும்பப் படங்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளிப்போடுவது நம்மவர் வழக்கம். நம் மலைகளில் அது சரிவராது. பல நாட்களில் பிற்பகல் 3 மணி, 4 மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது. மூடுபனியில் பிளாஷ் அடித்தால் ஒளி பனியில் பட்டுத் திரும்பும், முகம் வெளிறிப்போகும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை வேறு. தாலி கட்டிய கையோடு, சாப்பாட்டுக்கு முன்பே, மூத்தவர்கள் உள்ள படங்களை எடுத்து முடிக்கலாம். இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கும் தேயிலை மலைக்கும் ஜோடியாகப் போய் எடுப்பது இருக்கவே இருக்கிறது. அதற்கு வேறொரு நாளும் போகலாம். அதற்காகப் பாட்டியை இரண்டு மணி நேரம் காக்க வைப்பது முறையல்ல.

இனிச் செலவு. நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே 2021 வரை பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்த மக்கள் நாம். ஆகவே பெக்கேஜின் விலையை ரூபாவில் மட்டும் பார்க்காமல், "இது எத்தனை பேர்?" என்று தோட்டத்துக் கணக்கில் கேட்டுப் பார்ப்போம். நாள் முழுக்க மலையில் நின்று எடுத்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் என்று எழுதப்படுவதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். ட்ரோன் கமராவுக்கு எத்தனை பேர்? பெரிய அல்பத்தின் தோல் அட்டைக்கு எத்தனை பேர்? வட்டிக்கு வாங்கி எடுத்த அல்பத்தின் கடன், முதல் குழந்தை பிறந்த பிறகும் தீராமல் இருக்கிற வீடுகள் உண்டு. ஒரே ஒரு படப்பிடிப்பாளர், காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, சிறிய அல்பம் ஒன்று, எடுத்த படங்கள் அனைத்தும் பென் டிரைவில். ஒரு தோட்டத்துக் கலியாணத்துக்கு இது தாராளம் என்பது எமது எண்ணம்.

பேசியதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். வரும் நேரம், போகும் நேரம், முற்பணம், அல்பம் தரும் திகதி ஆகியவை அதில் இருக்கட்டும். வீட்டில் ஒரு சாவு விழுந்தோ பாதை மூடியோ நாள் மாறினால் முற்பணம் என்னவாகும் என்பதும் இருக்கட்டும். பெண்ணின் படத்தை வீட்டாரின் சம்மதமின்றி முகநூலில் விளம்பரமாகப் போடக் கூடாது என்ற வரியை மறக்க வேண்டாம். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

விவாகப் பதிவு வேறொரு நாளில் நடக்குமானால் அன்றைக்குப் படப்பிடிப்பாளர் தேவையில்லை. மணமக்களும் இரு சாட்சிகளும் கையொப்பமிடும்போது ஒரு கைபேசிப் படம் போதும். ஆனால் பதிவை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பின்னாளில் அலுவலகங்களில் கேட்பது விவாகச் சான்றிதழைத்தான். எவ்வளவு பெரிய அல்பத்தைக் காட்டினாலும் அது சான்றாகாது.

படம் கைக்கு வந்ததும் பிரதி எடுத்து வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்றை வைக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபோது, உயிர்களோடு வீட்டிலிருந்த எல்லாம் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின்போதும் மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்தது. கூடலூரிலுள்ள மாமாவுக்கு அனுப்பும் பிரதி அவருக்குச் சந்தோஷம், நமக்குக் காப்பு.

மாதர் சங்கத்திலோ இளைஞர் கழகத்திலோ இதைப் படிப்போர், அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள மிகப் பழைய கலியாணப் படத்தைக் கொண்டு வாருங்கள். அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, ஏன் இல்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே கேட்டு வாருங்கள். பிறகு இந்த ஆண்டு உங்கள் தோட்டத்தில் நடக்கவிருக்கும் ஒரு கலியாணத்தை எடுத்து, ஆட்களின் பட்டியல் ஒன்றும் நேர அட்டவணை ஒன்றும் குழுவாக எழுதிப் பாருங்கள். செலவைப் 'பேர்' கணக்கில் போட்டு அந்த வீட்டாரிடம் கொடுங்கள்.