உபைத் சித்தீகி: நமது பிள்ளைகள் அறிய வேண்டிய விஞ்ஞானி

கல்வி உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கே. அடிப்படை அறிவியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையை, “அதில் என்ன வேலை கிடைக்கும்?” என்று வீட்டிலேயே தடுத்துவிடுகிறோம். அத்தகைய பெற்றோருக்காகவே இம்மாதம் பேராசிரியர் உபைத் சித்தீகியைப் பற்றிச் சொல்கிறோம்.

1932இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் பிறந்தவர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். டெல்லியில் கோதுமைச் செடிகளை வைத்து அவர் செய்துவந்த ஆய்வு, ஆலங்கட்டி மழையில் செடிகளோடு போயிற்று. அவர் துவண்டுவிடவில்லை. கிளாஸ்கோ சென்று, பேராசிரியர் பாண்டெகோர்வோவிடம் மரபியல் கற்று முனைவரானார். பின்னர் அமெரிக்காவில் ஆலன் காரனுடன் செய்த ஆய்வு, மரபுக் குறியீட்டில் ‘இங்கே நிறுத்து’ என்னும் குறிகள் இருப்பதை அறிய உதவியது. குர்ஆன் ஓதும்போது வக்ஃபு குறி கண்டு நிறுத்துகிறோமே, ஏறக்குறைய அதுபோல. உயிரணு அந்தக் குறியில் புரதம் கோப்பதை நிறுத்திவிடுகிறது.

அங்கேயே தங்கியிருக்கலாம். ஹோமி பாபா அழைக்க, 1962இல் பம்பாய் வந்து டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பிறகு பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கினார். நிர்வாகத்துக்குப் போனவர்கள் பலர் ஆய்வுக்கூடத்தை மறந்துவிடுவார்கள், இவர் மறக்கவில்லை. பழ ஈ வாசனையையும் சுவையையும் எப்படி அறிகிறது என்பதை முதுமையிலும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 2006இல் பத்ம விபூஷண் பெற்றார். 2013 ஜூலையில், சாலை விபத்தில் காயமுற்று வஃபாத்தானார்.

இளங்கலை அறிவியல் மாணவ மாணவியரும் நமது உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் அலுவலகத்தில் கிடைக்கும்.