பாணி அறிந்து பார்ப்போம்



வலையின் கண்ணைக் கண்டதும் இது இறால் வலை, இது நண்டு வலை என்று நம் சிறுவர்களும் சொல்லிவிடுவார்கள். கட்டடம், சுரூபம், சித்திரம் ஆகியவற்றிற்கும் அத்தகைய அடையாளங்கள் உண்டு. ஒரு காலத்துக் கலைஞர்கள் ஒரே நோக்கத்தோடு ஒரே விதமாய்ச் செய்வதைக் கலைப்பாணி என்கிறோம். நம் கடற்கரையோரம் காணக்கூடிய நான்கு பாணிகளை இவ்வாரம் அறிந்துகொள்வோம்.

1. கோத்திக்: 12-ம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் தோன்றியது. நுனி கூரிய வளைவு, உயர்ந்த கோபுரம், வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஆகியவை அடையாளம். பார்ப்பவரின் கண்ணை மேலே எழுப்புவது நோக்கம். சென்னை சாந்தோம் பேராலயம் இவ்விதமானது. ஆனால் அது இன்றைய உருவில் எழும்பியது 1896-ல்தான். கட்டடத்தின் வயது வேறு, பாணியின் வயது வேறு என்பதை மறவாதீர்கள்.

2. பரோக்: 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஓங்கியது. காற்றில் அலைவது போன்ற ஆடை மடிப்பு, மேல் நோக்கிய கண்கள், கன்னத்துக் கண்ணீர் ஆகியவை அடையாளம். உள்ளத்தை உலுக்குவது நோக்கம். பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாயிலில் நிற்கும் இரு எலும்புக்கூடுகளைப் பேய் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். மரணத்தை நினைப்பூட்ட அந்நூற்றாண்டினர் இவ்வாறு செதுக்குவது வழக்கம்.

3. யதார்த்தப் பாணி: உள்ளதை உள்ளவாறு காட்டுவது. மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த அச்சிலை 1959-ல் நிறுவப்பட்டது. பாறையை நகர்த்தும் நால்வரின் தசை முறுக்கு, கரைக்குப் படகிழுக்கும் நம்மவரை நினைவூட்டும்.

4. நவீன பாணி: உருவத்தை அப்படியே எழுதாமல் கோட்டாலும் நிறத்தாலும் குறியாலும் பேசுவது. ராய் சௌத்ரியின் மாணவர் கே. சி. எஸ். பணிக்கர் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். எழுத்துப் போன்ற கோடுகளையும் குறிகளையும் நிரப்பி அவர் வரைந்த படங்களில் வாசிக்கத்தக்க சொல்லைத் தேடுவது வீண்.

இவற்றை அறிவதால் பயன் என்னவென்று கேட்பீர்கள். முன்பு நான் ஊழியம் செய்த ஓரூரில் பழைய மரச் சுரூபம் ஒன்று இருந்தது. திருநாளுக்குப் புதுப்பிப்போம் என்றார்கள், நானும் சரியென்றேன். பளபளக்கும் எனாமல் பெயிண்ட் பூசினார்கள். ஆடை மடிப்பு மறைந்தது. கன்னத்துக் கண்ணீரும் மறைந்தது. அது பரோக் பாணிச் சுரூபம் என்று பின்னரே அறிந்தேன். சுரண்டியெடுக்க வழியில்லை. ஆசையால் செய்த பிழைதான், ஆயினும் பிழையே.

ஆகவே உங்கள் வீட்டிலோ தெருக் குருசடியிலோ பழைய சுரூபம் இருந்தால், தூரிகை எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எக்காலத்துப் பாணி? செய்தவன் நம்மை எதைப் பார்க்கச் சொல்கிறான்? நாம் பூசுவது அதைக் காட்டுமா, மறைக்குமா? விடை தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். அறிந்தவரைச் சேர்ந்து கேட்போம். அதுவரை மெல்லிய துணியால் தூசி துடைத்து வைத்தாலே போதும்.

உங்கள் பங்குக்குரு