பழனி மலையில் ஒரு ராத்திரி: எடப்பாடி காவடி சொல்லும் பாடம்

ஓம் சரவணபவ!



பழனி மலைக்கோயில்ல ராக்கால பூஜை முடிஞ்சு நடை சாத்தினா, பக்தர்கள் எல்லாரும் கீழே இறங்கிடணும். மலைமேல் தங்க முடியாது. ஆனா வருஷத்தில் ஒரு ராத்திரி மட்டும் ஒரு ஊர்க்காரங்களுக்கு அந்த பாக்கியம் உண்டு. அது நம்ம சேலம் மாவட்டத்து எடப்பாடி!

தைப்பூசக் கூட்டம் குறைஞ்ச பிறகு, எடப்பாடி பருவதராஜகுல மகாஜனங்கள் காவடி எடுத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே பழனிக்கு வர்றாங்க. 300 வருஷத்துக்கும் மேலான வழக்கம்னு பெரியவங்க சொல்றாங்க.

மலைமேலேயே பஞ்சாமிர்தம் தயார் பண்றாங்க. கொஞ்சநஞ்சம் இல்லீங்க, டன் கணக்கில்! வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். இவ்வளவு பழத்தையும் உரிக்க, பிசைய, கிளற எத்தனை கை வேணும்னு நினைச்சுப் பாருங்க. பிறகு ஊருக்குக் கொண்டுவந்து பிரசாதமா பகிர்ந்துக்கிறாங்க.

இதில் நமக்கு என்ன பாடம்?

1. இந்த உரிமை தனி ஆளுக்கானது இல்லை. எவ்வளவு பெரிய பதவியில இருந்தாலும், தனியா வந்து கேட்டா கிடைக்காது. காவடிக் கூட்டத்தோட ஒருத்தரா வந்தாதான் உண்டு.

2. ஊர்னா முகவரி மட்டும் இல்லை. நமக்குன்னு ஒரு வேலையை வெச்சுக்கிட்டு காத்திருக்கிற இடம். கடையில வாங்கின டப்பாவும் முருகன் பிரசாதம்தான். ஆனா நாம உரிச்ச பழமும் கலந்திருக்குன்னா அந்த ருசியே வேற.

3. வழக்கம் ஏட்டில் நிக்காது, காலில்தான் நிக்கும். திருப்பூர், பெங்களூருன்னு வேலைக்குப் போன பிள்ளைங்க, "செல்போன்ல தரிசனம் பார்த்துக்கிறோம்"னு இருந்துட்டா, அடுத்த தலைமுறைக்கு இதெல்லாம் வெறும் கதைதான்.

உங்க ஊர் காளிப்பட்டியோ, கபிலர்மலையோ, திருச்செங்கோடோ, எதுவா இருந்தாலும் சரி. இந்த வருஷத் திருவிழாவுக்கு ஒரு நாள் முன்னாடியே போங்க. பெரியவங்ககிட்ட, "நான் என்ன செய்யட்டும்?"னு கேளுங்க. தோரணம் கட்டுறதோ, பந்தியில இலை போடுறதோ, கிடைச்சதைச் செய்யுங்க.

ஞானப்பழத்துக்காக வீட்டை விட்டுக் கோவிச்சுக்கிட்டு வந்தவர்தான் நம்ம பழனியாண்டவர். பிரிஞ்சு இருக்கிறவங்க மனசு அவருக்குத் தெரியாதா? தன்னைத் தேடி வர்றவங்களை ஊரோட சேர்த்து வெச்சுத்தான் அனுப்புறார்.

வேலும் மயிலும் துணை!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!