இழுவை குறைந்த பிக்-அப் வண்டி: ஈ.ஜி.ஆர். கோளாறு எண்ணைக் கொண்டு பழுதறியும் முறை

பெரியநாயக்கன்பாளையம், காரமடை வட்டாரங்களில் வாழை, கறிவேப்பிலை, காய்கறி பயிரிடும் விவசாயிகளில் பலர் தனியாகவோ பங்காளிகளுடன் கூட்டாகவோ ஒரு டீசல் பிக்-அப் வண்டி வைத்திருக்கின்றனர். வடக்கே மேட்டுப்பாளையம் மண்டிக்கும் தெற்கே கோவை மார்க்கெட்டுக்கும் சரக்கு அதில்தான் போகிறது. வெட்டிய தார்களை ஏற்றிய பின் முகப்பில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்து, மேட்டில் வண்டி இழுக்க மறுத்தால் அன்றைய விலை கைவிட்டுப் போகும். இதற்குக் காரணமாகும் கோளாறுகளில் ஈ.ஜி.ஆர். கோளாறு அடிக்கடி காணப்படும் ஒன்றாகும். அதன் தன்மையை அறிந்து கொண்டால் வேண்டாத உதிரி பாகம் வாங்கும் செலவைத் தவிர்க்கலாம்.

ஈ.ஜி.ஆர். செய்யும் வேலை

காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன் உள்ளது. எஞ்சினுக்குள் வெப்பம் மிக அதிகமாகும்போது இது ஆக்சிஜனுடன் கூடி நச்சு வாயுவாகிறது. இதைத் தடுக்க, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் காற்று நுழையும் வழிக்கே அனுப்புகிறார்கள். ஆக்சிஜன் குறைவதால் எரிதலின் உச்ச வெப்பம் தணிகிறது. நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பி.எஸ்.-4 விதியும், 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதியும் நடைமுறைக்கு வந்தபின் இந்த அமைப்பு பல டீசல் வண்டிகளில் இடம் பெற்றுள்ளது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் கடுமையான புகை விதி வந்துவிட்டதால் டிராக்டர்காரர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

வண்டி மெதுவாக ஓடும்போதும் நின்று உறுமும்போதும் வால்வு திறந்திருக்கும். முழு ஆக்சிலேட்டரில் மூடிக்கொள்ளும். ஆகவே தோட்டத்திலிருந்து ரோட்டுக்கும், ரோட்டிலிருந்து மண்டிக்கும் போய், அங்கே அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும் வண்டியில் கரி சீக்கிரம் படியும். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் வாழ்க்கை இதுதான்.

எண் சொல்வது என்ன

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் ஓர் எண் கிடைக்கும். அதை அழிக்கும் முன் தாளில் எழுதிக் கொள்ளவும். விளக்கு எரிந்த நேரத்தில் எஞ்சினின் சுற்று, வெப்பம், பளு எவ்வளவு இருந்தன என்ற பதிவும் ஸ்கேனரில் இருக்கும்; அதையும் கேட்டு வாங்கவும். பி 0401 என்றால் புகை போதிய அளவு திரும்பவில்லை. பி 0402 என்றால் அளவுக்கு மீறித் திரும்புகிறது. பி 0403 வால்வை இயக்கும் மின்சுற்றையும், பி 0405, பி 0406 இரண்டும் வால்வின் நிலையைக் காட்டும் சென்சாரையும் குறிக்கும். பி 0404 வால்வு சொன்ன இடத்துக்கு அசையவில்லை என்பதாகும்.

இந்த எண்ணைப் பார்த்ததும் 'வால்வு போச்சு, மாத்திரலாமுங்க' என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. கணிப்பொறி புகையை நேரடியாக அளப்பதில்லை. பல வண்டிகளில் உள்ளே வரும் புதுக்காற்றின் அளவைக் கொண்டு அது கணக்கிடுகிறது. வால்வு திறந்தால் புகை நுழையும். அந்த அளவுக்குப் புதுக்காற்று குறைய வேண்டும். குறையாவிட்டால் 0401 பதிவாகும். டர்போவுக்குப் பின்னுள்ள ரப்பர் குழாய் வெடித்துக் காற்று வெளியே போனாலும் அளவுமானி அதிகக் காற்றையே காட்டும். அதே 0401 வரும். மாறாக, அளவுமானியில் தூசி படிந்து குறைத்துக் காட்டினால் 0402 வரலாம். இரண்டிலும் வால்வு பேரில் குற்றமில்லை.

சோதிக்கும் வரிசை

முதலில் காற்று வடிகட்டி, ரப்பர் குழாய்கள், கிளிப்புகள், அளவுமானி ஆகியவற்றைப் பார்க்கவும். இதற்குச் செலவு அநேகமாக இல்லை. மின்சுற்று எண் வந்திருந்தால் வால்வுக்குப் போகும் ஒயரை முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்கவும். தீவன மூட்டையுள்ள கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயர் சாதாரணம். சாவியை மட்டும் போட்டு, சென்சார் இணைப்பில் 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் சோதிக்கலாம்.

அடுத்தது முக்கியமான சோதனை. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்கேனர் மூலம் வால்வைத் திறக்கச் சொல்லவும். சொன்ன அளவும் அசைந்த அளவும் ஒத்திருக்க வேண்டும். அசையவில்லை என்றால் கரியில் ஒட்டியிருக்கலாம், அல்லது மோட்டார் பழுது. சரியாக அசைந்தும் புதுக்காற்றின் அளவு குறையாமல், எஞ்சின் சத்தமும் மாறாமல் இருந்தால் குழாயோ குளிர்விப்பானோ அடைத்திருக்கிறது. இந்த நிலையில் புது வால்வு போட்டும் பயனில்லை.

வால்வைக் கழற்றுவதானால் எஞ்சின் ஆறியபின், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டுக் கழற்றவும். கரியை அதற்குரிய திரவம் தெளித்து ஊறவைத்து பிரஷால் எடுக்கவும். ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது. திரவம் மோட்டார் பக்கம் இறங்காதபடி பார்த்துக் கொள்ளவும். மாட்டும்போது புதிய கேஸ்கெட் அவசியம். பல வண்டிகளில் ஸ்கேனர் வழியாக வால்வுக்கு மூடிய நிலையை மறுபடி கற்பிக்க வேண்டும். அதன் பிறகே எண்ணை அழித்து, சரக்குடன் ஓட்டிப் பார்க்கவும்.

கூலன்ட் குறைகிறதா?

வெளியே சொட்டாமல் கூலன்ட் குறைந்து, சூடான பின்பும் வெண்புகை வந்தால் குளிர்விப்பான் உள்ளுக்குள் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. குளிர்விப்பானில் கசிந்த கூலன்ட் கரியுடன் கலந்து படிந்து, சூடான புகையில் பற்றிக்கொண்டதே காரணம் எனக் கூறப்பட்டு, அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கசிவு உறுதியானால் பற்ற வைத்து ஒப்பேற்றாமல் குளிர்விப்பானையே மாற்றுதல் நல்லது.

தகடு வைத்து அடைக்கலாமா?

சில நூறு ரூபாயில் தகடு வைத்து வழியை அடைத்துத் தருவதாகச் சொல்வோர் உண்டு. வால்வு திறந்தும் காற்று குறையாததைக் கணிப்பொறி கண்டு, விளக்கை மறுபடி எரியவிட்டு, இழுவையையும் குறைக்கலாம். மேலும் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி புகை விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் செல்லாது.

மேட்டில் கரும்புகை கக்கினால் வால்வு மூடாமல் நின்றிருக்கக் கூடும். பி.எஸ்.-6 வண்டியில் அந்தக் கரி சைலன்சருக்கு முன்னுள்ள வடிகட்டியை அடைத்துவிடும். அதன் விலை வால்வைவிடப் பன்மடங்கு. அத்தகைய வண்டியைச் சரக்குடன் மலைப்பாதையில் ஏற்றாமல், மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு செல்லவும்.