மலை ஏற பஸ், மலைமேல் சைக்கிள்

கேள்வி: என் கணவரும் ஜமுனாமரத்தூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நண்பர் இப்போது ஜவ்வாது மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர். பன்னிரண்டு வருடமாகப் போனில் மட்டும்தான் பேச்சு. இந்த மே விடுமுறையில் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் சைக்கிள் உண்டு. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. போளூர் வரை ரயில், அங்கிருந்து மலை மேல் சைக்கிளிலேயே ஏறுவது, வழியில் நண்பர் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு, பிறகு காவலூர் வழியாக வாணியம்பாடிக்கு இறங்குவது என்பது கணவரின் திட்டம். நண்பரோ “நாலு நாள் இருந்துட்டுத்தான் போகணும்” என்கிறார். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, விடவும் மனமில்லை. அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. என்ன வாங்கிப் போகலாம் என்பதையும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, காட்பாடி

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் சைக்கிளை வீட்டில் விட்டுப் போக வேண்டாம். உங்கள் கணவரின் திட்டத்தில் இடம் சரி, ஆட்கள் சரி, வரிசைதான் தவறு. நண்பர் வீடு வழியில் வரும் நிறுத்தம் இல்லை. அந்த வீட்டில் தங்கிக்கொண்டு காலையில் மட்டும் சைக்கிளில் சுற்றி வாருங்கள்.

என் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் இன்னொரு மலையில், மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அந்த வீட்டுப் பாட்டி உட்பட யாரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். எங்களுக்கோ சோர்வில் சோறு இறங்கவில்லை, பேச வாயும் வரவில்லை. இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். அந்தப் பாட்டியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

மலையைப் பற்றி. போளூர்ப் பக்கமிருந்து ஏறினால் ஏறக்குறைய 600 மீட்டர் ஏற்றம். கியர் சைக்கிளில் பழகிய பெரியவர் ஏறிவிடுவார். ஒன்பது வயதுப் பையன், அக்னி நட்சத்திர வெயிலில், பஸ்ஸும் லாரியும் வரும் பாதையில் ஏறக் கூடாது. மலை என்றால் குளிரும் என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரிதான் வெப்பம் குறையும். கீழே 40 என்றால் மேலே மதியத்தில் 35, 36 இருக்கும். காலையும் இரவும்தான் சுகம்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் எனக்குக் கவலை. ஏறும்போது முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளலாம். இறங்கும்போது பிள்ளைகள் பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வருவார்கள். ரிம்மைக் கவ்வும் பிரேக் கட்டைகள் உள்ள சைக்கிளில் ரிம் கொதித்து, வளைவில் டியூப் வெடித்துவிடலாம். விட்டுவிட்டுப் பிடிப்பதும், நடுநடுவே நிறுத்தி ரிம்மை ஆறவிடுவதும் பழகினால்தான் வரும்.

அதனால், போளூரில் ஒரு ‘குட்டியானை’ பேசி நான்கு சைக்கிளையும் மேலே அனுப்புங்கள். அதன் பின்பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம், நீங்கள் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் போய்விடலாம். சைக்கிளை ரயிலில் ஏற்றுவதென்றால் பார்சலாகப் பதிவு செய்ய வேண்டும். ஓரிரு நிமிடமே நிற்கும் ஸ்டேஷனில் நான்கு சைக்கிளை இறக்குவது பெரும்பாடு. காட்பாடியிலிருந்தே வண்டி பேசினால் இன்னும் நிம்மதி.

மேலே போன பிறகு ஜவ்வாது மலை சைக்கிளுக்கு நல்ல இடம். சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் மலை. கொல்லைகளும் சின்னச் சின்ன ஊர்களுமாக மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். ஐந்தரை, ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் திரும்பிவிடுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை பிடிக்கும் நாட்களும் உண்டு. முதல் நாள் கோலப்பன் ஏரி வரை போதும், பிள்ளைகள் படகில் போகட்டும். பீமன் மடவு அருவிக்கு மழைக்குப் பிறகுதான் அழகு. மே மாதத்தில் அதை நம்பி மகனிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு காலையைக் கீழ்சேப்பிளிக்கு ஒதுக்குவேன். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய பெருங்கற்காலக் கல்திட்டைகள் அங்கே இருக்கின்றன. குள்ளமான வாலியர் என்பவர்கள் கட்டிய வீடுகள் என்பது ஊர்க்கதை. நண்பரையும் கூட்டிப் போங்கள், அவர் வாயால் கேட்க வேண்டிய கதை அது. அவருக்கு மகளின் சைக்கிளைக் கொடுத்துவிட்டு மகளைக் கணவர் பின்னால் உட்காரவைத்துக்கொள்ளட்டும். கேரியர் கனம் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, இரண்டு மாற்று டியூப், கைப்பம்பு, பஞ்சர் சாமான் கையோடு இருக்க வேண்டும். பஞ்சர் கடை எல்லா ஊரிலும் இருக்காது. பொழுது சாய்ந்த பின் காட்டுச் சாலையில் சைக்கிள் கூடாது. கரடிகள் உள்ள காடு அது.

நான்காவது நாள் சனிக்கிழமையாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் வழக்கமாக அன்றுதான் பார்வையாளர்களை அனுமதிப்பார்கள். போகுமுன் விசாரித்துவிடுங்கள். 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்குள்ள இடம் அது. 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் முன்னால் உங்கள் மகளை நிறுத்திப் பாருங்கள். அங்கே சைக்கிளில் போக வேண்டாம். வண்டி பேசி நண்பர் குடும்பத்தையும் சேர்த்து அழைத்துப் போய், இரவே ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கிவிடலாம். நண்பர் வீட்டார் ஊர் திரும்ப வண்டியை முன்பே பேசி வையுங்கள்.

அதுவரை பகலெல்லாம் அந்த வீட்டுத் திண்ணைதான். பலாப்பழக் காலம், சாமைச் சோறு கிடைக்கும். பன்னிரண்டு வருடப் பேச்சு பாக்கி இருக்கிறது. ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்க, சமையல் முழுவதும் அந்த வீட்டம்மா தலையில் விழுந்துவிடாமல் நீங்கள் நால்வரும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெயை உரிமையோடு வாங்கிப் போய் அடுப்படியில் வையுங்கள்.

குழந்தைக்குப் பொம்மை வேண்டாம். உங்கள் மகன் காலுக்குச் சின்னதாகிப்போன சைக்கிள் ஒன்று வீட்டில் கிடக்கும். நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டை மாற்றி, ஐந்தாவது சைக்கிளாக அதையும் வண்டியில் ஏற்றுங்கள். பெல் மட்டும் புதிதாக இருக்கட்டும்.